முதுகுப்பையில் அடங்குகிற ஸ்லைடர்

ஸ்லைடர் வாங்கப் போகிறவர்கள் முதலில் எவ்வளவு நீளம் என்றுதான் கேட்பார்கள். அது தப்பு. முதலில் காதைக் கொடுக்க வேண்டும். தட்டின்மேல் கேமராவைப் பொருத்தி, ஒற்றை விரலால் மெல்லத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். உள்ளே ஒரு மணல் துகள் இருந்தாலும் அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் இந்தத் தொழிலில் இல்லாதவர் என்பதால் சொல்லிவிடுகிறேன் ஐயா. ஸ்லைடர் என்பது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. இணையாகப் போகும் இரண்டு குழாய்கள், அவற்றின்மேல் ஓடும் ஒரு தட்டு, தட்டின்மேல் கேமரா. இரண்டு முனைகளிலும் தட்டு வெளியே ஓடிவிடாமல் இருக்க ஒரு தடுப்பு. தள்ளினால் காட்சி தண்ணீர்போல நகரும். கையில் கேமராவை வைத்துக்கொண்டு நடந்தால் படம் நம்மோடு சேர்ந்து மூச்சுவிடும். ஸ்லைடரில் அந்த மூச்சு இருக்காது.

வழக்குக் கோப்பை மூடிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைத் திறக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். டீ வேண்டாம், நன்றி. நான் சொல்லி முடிக்கிறவரை நீங்கள் குடித்துக்கொண்டிருங்கள்.

நம் கராகோல் ஊரில் கடந்த பல வருடங்களில் கல்யாணம் வைத்தவர்களுக்கெல்லாம் எங்கள் ஸ்டூடியோவைத் தெரியும். உங்கள் தங்கை கல்யாணத்தையும் நாங்கள்தான் எடுத்தோம் என்று நினைக்கிறேன். பெயர்ப்பலகையில் கென்ஜெபெக் என்று என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டதில்லை. கென்ஜே அண்ணனையும் மிர்லானையும் வரச்சொல் என்பார்கள். உப்பையும் ரொட்டியையும் சேர்த்துச் சொல்வது மாதிரி.

மிர்லான் அப்போது தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரை ஏற்றி வந்தவன், விருந்து நடக்கும்போது சாப்பிட உட்காராமல் என் தோளுக்குப் பின்னால் நின்று கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. விரட்டலாம் என்று திரும்பும்போது, "அண்ணே, அந்த மாமியார்க்காரம்மா இப்ப அழப்போறாங்க, அந்தப் பக்கம் திருப்புங்க" என்றான். திருப்பினேன். அவள் அழுதாள். வீட்டிலேயே மிகவும் இறுக்கமான பெண் அவள்தான். அவள் அழுவாள் என்று அவள் பிள்ளைகளுக்கே தெரியாது.

வேனை மச்சானிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவனுக்கென்று ஒரு கிண்ணம் இருந்தது. எனக்கும் என் மனைவி சாய்ராவுக்கும் பிள்ளைகள் இல்லை. சாய்ரா அவனைக் கிண்டல் செய்யாமல் சோறு போட்டதில்லை.

"ஏன்டா, உன் பொண்டாட்டி பெகிமாய் உனக்கு அடுப்பே மூட்டறதில்லையா?"

"மூட்டறா அண்ணி. ஆனா அவ போடற மிளகாய்க்கு நான் ஒரு ஏரியையே குடிக்கணும். அப்புறம் ஊருக்குத் தண்ணி இருக்காது."

இப்படித்தான் பேசுவான். கல்யாண மேடையில் விறைத்துப்போய் நிற்கும் மாப்பிள்ளையிடம் போய் காதில் ஏதோ சொல்வான். மாப்பிள்ளை சிரிக்கும் அந்த நொடியை நான் எடுத்துவிடுவேன். என்ன சொன்னாய் என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அவனைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கேமரா விழுவதை அவன் உடம்பு பொறுத்துக்கொள்ளாது. மனசு என்று சொல்லவில்லை, உடம்பு. ஏரிக்கரை விடுதியில் ஒரு விருந்தில், குடித்துவிட்டு ஆடிய ஒரு சித்தப்பா டிரைபாடில் மோதினார். கேமரா சாய்ந்தது. எங்கோ தட்டில் இறைச்சி வைத்துக்கொண்டு நின்றவன் எப்படி வந்தான் என்று எனக்குத் தெரியாது. மல்லாந்து வழுக்கிக்கொண்டு வந்து, கேமராவை நெஞ்சில் வாங்கிக்கொண்டான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணே, சித்தப்பா ஆட்டத்தை மட்டும் வெட்டிடாதீங்க, காசு குடுத்து ஆடியிருக்காரு" என்றான்.

நான் அன்று சிரித்தேன். ஆனால் கவனித்தும் வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

இனி என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். டீ வேண்டாம் என்றதும் அதனால்தான்.

முதலில் நடுங்கியது வலது கட்டைவிரல் மட்டும்தான். ஒரு கல்யாணத்தில் மோதிரம் மாற்றும்போது நெருக்கமாக எடுத்த காட்சியில் படம் மெல்லத் துடித்தது, தோலுக்கடியில் நாடி துடிப்பதுபோல. எடிட் செய்ய உட்கார்ந்தபோது மிர்லான் பக்கத்தில் இருந்தான். அவன் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. அப்படியே தாண்டிப் போனான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் பார்த்துவிட்டான் என்று.

அடுத்த கல்யாணத்தில் என் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டான். "அண்ணே, ட்ரோன் எனக்குச் சரிப்பட மாட்டேங்குது, போன தடவை அந்த வீட்டுக் கூரையில கொண்டுபோய் உக்கார வெச்சுட்டேன். நீங்க அதைப் பாருங்க, நான் இங்க நிக்கறேன்." ட்ரோன் அவன் கையில் பறவைபோலப் பறக்கும். எனக்காகத்தான் அதை அவன் வேண்டுமென்றே கூரையில் மோதியிருந்தான்.

அப்படித்தான் நாட்கள் போயின. கையில் பிடித்து எடுக்க வேண்டியவற்றை எல்லாம் அவன் எடுத்தான். படங்கள் வெளியே போகும்போது என் பெயரில் போயின. பிஷ்கெக்கில் ஒரு மருத்துவர் என் கையைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குறையும், போகாது என்றார். சாய்ராவிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை. மிர்லானிடம் சொல்லவே இல்லை. அவனும் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் தெரியும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். அது எவ்வளவு களைப்பான வேலை என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஸ்லைடர் யோசனையும் அவனுடையதுதான். ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தான்.

"அண்ணே, எனக்கு வயசாகுது. குனிஞ்சு நிமிர முடியல. ஒரு ஸ்லைடர் வாங்கிடலாமா? மலைக்கும் தூக்கிட்டுப் போற மாதிரி, சின்னதா."

அவனுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இடுப்பில் ஒன்றுமில்லை. என் கைக்காக அவன் ஒரு இடுப்பு வலியைக் கண்டுபிடித்திருந்தான்.

சரி என்றேன்.

பிஷ்கெக்கில் வீத்யா என்று ஒரு ரஷ்யன், கேமராச் சாமான்கள் விற்கிறவன். எனக்கு நீண்ட காலப் பழக்கம். மேசையில் மூன்று ஸ்லைடர்களை எடுத்து வைத்தான். முதலாவது மோட்டார் வைத்தது. தானாகவே நகரும். ஆனால் குளிரில் பேட்டரி படுத்துவிடும், தூக்கிப் போக இன்னொரு ஆள் வேண்டும். இரண்டாவது கனமான அலுமினியம், கீழே ஒரு சக்கரம் சுழன்று வேகத்தைச் சமமாக்கும். அதன் ஓட்டம் அழகு. முனைத் தடுப்புகள் உடம்போடு சேர்த்தே வார்த்தவை, கழற்றவே முடியாது. மூன்றாவதில் கார்பன் ஃபைபர் குழாய்கள். ஒரு கையால் தூக்கலாம். கால்களை மடித்தால் முதுகுப்பையில் அடங்கும். வேண்டுமானால் முனைத் தடுப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு ஜோடிக் குழாயைச் சேர்த்து நீளமாக்கிக்கொள்ளலாம். அதனால் தடுப்பு ஒரே ஒரு திருகாணியில் நிற்கும்.

வீத்யா நேர்மையானவன். "மலைக்குன்னா இதுதான் வசதி. ஆனா இந்தத் திருகாணி குளிர்ல தளரும். ஒவ்வொரு தடவையும் திருகுசாவி போட்டு இறுக்கிப் பாத்துக்க. மறந்தா கேமரா போயிடும்" என்றான்.

ஒவ்வொன்றிலும் என் கேமராவை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். கண்ணை மூடிக் கேட்டேன். இரண்டாவதுதான் நல்லது. தொழில் தெரிந்த யாரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். நான் மூன்றாவதை எடுத்தேன். அன்று என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மலை ஏறும்போது இரண்டாவதை மிர்லான்தான் தூக்க வேண்டியிருக்கும், என்னால் முடியாது என்பதையும் அவன் மறைத்துக்கொள்வான், அது வேண்டாம் என்று நினைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அவனுக்காகத்தான் வாங்கினேன்.

வீட்டில் கம்பளத்தின்மேல் வைத்துப் பழகினேன். திருகாணியை இறுக்கினால் தடுப்பு பாறை மாதிரி நிற்கும். அரைச் சுற்றுத் தளர்த்தினாலும் அப்படியேதான் நிற்கும், விரலால் அசைத்தாலும் அசையாது. ஆனால் கேமராவின் எடை ஓடிவந்து இடித்தால் கழன்றுகொள்ளும். ஒருமுறை கேமரா கம்பளத்தில் விழுந்தது. இதை நான் மிர்லானிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்றே அப்போது நினைத்தேன்.

ரௌஷான் அதற்குப் பிறகுதான் வந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாத்தியில் படத் தயாரிப்பாளர். மலைப்பகுதிகளைப் பற்றி ஒரு நீண்ட தொடர் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். யாரோ எங்கள் கல்யாணப் படம் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். கறாரான பெண். ஆனால் பார்க்கத் தெரிந்தவள். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, சாய்ரா வைத்த பலகாரத்தைத் தொடாமல், ஒரு காட்சியை நிறுத்திக் காட்டினாள். மணப்பெண்ணின் அப்பா, மகள் ஏறிய கார் போன பிறகு, வாசலில் கிடந்த அவளுடைய பழைய செருப்பைக் காலால் ஓரமாக ஒதுக்கி, பிறகு குனிந்து கையால் எடுத்து வைக்கும் காட்சி.

"இது யார் எடுத்தது?"

"அண்ணன் எடுத்ததுங்க" என்றான் மிர்லான், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இந்தக் கையை. "இப்படிப் பாக்கற கண்ணு ரொம்பப் பேருக்கு இல்லைங்க" என்றாள்.

அந்தக் காட்சியை நான் பார்த்ததே எடிட் மேசையில்தான். அவன் அதை எடுத்தபோது நான் வேனில் உட்கார்ந்து கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மிர்லான் என்னைப் பார்த்துச் சிரித்தான். பரிசு கொடுத்துவிட்டு, பிரித்துப் பார்க்கிறவர் முகத்தைப் பார்ப்பவன் சிரிப்பு.

நான் முற்றத்துக்கு விறகு எடுக்கப் போனேன். திரும்பும்போது இருவரும் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ரௌஷான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். விறகுக் கொட்டகைக்குள் இருந்த என்னை அவர்களுக்குத் தெரியவில்லை.

"நான் முட்டாள் இல்ல. அந்தப் படத்தை எடுத்தது நீ" என்றாள் ரௌஷான். "அல்மாத்திக்கு வா. வேலை இருக்கு, வீடு பாத்துத் தரேன்."

"அண்ணனையும் கூப்பிட்டா வரேன்."

"அவரு கையை நான் பிடிச்சுப் பாத்தேன் தம்பி."

பிறகு மிர்லான் பேசினான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அவன் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

"அவருக்கு அது வெளிய தெரியறது பிடிக்காதுக்கா. நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. அவர் பேர் இருக்கட்டும், சம்பளம் பாதி பாதி. வேலையை நான் பாத்துக்கறேன். இவ்வளவு நாளா அவருக்கே தெரியாம பாத்துக்கலையா?"

அவருக்கே தெரியாம. இந்த இரண்டு சொற்களை நான் அதற்குப் பிறகு பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கேலி இருந்திருந்தால் அவனை அடித்திருப்பேன், அவனும் திருப்பி அடித்திருப்பான், சாய்ரா இருவரையும் திட்டிச் சோறு போட்டிருப்பாள். அதில் இருந்தது அன்பு மட்டும்தான். அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? அதை எதிர்த்து நிற்க ஒரு இடம்கூட இல்லை.

ரௌஷான் ஒப்புக்கொண்டாள். அரை மனதோடுதான். முதலில் ஒரு நாள் மலையில் எடுத்துப் பார்க்கலாம், அதற்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்றாள். தன்னுடைய கேமராவையே கொடுத்தாள். எங்களிடம் அப்படி ஒன்று இருந்ததில்லை.

அக்டோபர் தொடக்கம். மேய்ச்சல்காரர்கள் குதிரைகளை இறக்கிக்கொண்டு வரும் நேரம். பள்ளத்தாக்கின் மேலே சிவந்த பாறை ஒன்று ஆற்றுக்கு மேலாக நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். பாறையின் விளிம்பிலிருந்து கேமரா மெல்ல வெளியே நகர்ந்தால், முதலில் பாறை மட்டும் தெரியும், பிறகு திடீரென்று கீழே ஆறும் குதிரைகளும் திறக்கும். அந்தக் காட்சியைச் சொன்னது நான். ரௌஷானுக்குப் பிடித்திருந்தது. மிர்லானுக்கும் பிடித்திருந்தது. "அண்ணே, இது நீங்க பாத்த படம். இதுக்கு நான் உங்களுக்கு டீ போட்டுத் தரணும்" என்றான். அது உண்மைதான். அந்த ஒரு காட்சி என்னுடையது.

ரௌஷானும் ஓட்டுநரும் கீழே புல்வெளியில் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள், குதிரைக்காரர்களுக்குச் சைகை காட்ட. பாறை மேலே நாங்கள் இருவர் மட்டும். வெயில் ஏறியிருந்தாலும் பாறையின் நிழல் பக்கம் உறைபனி இருந்தது. மிர்லான் குடுவையிலிருந்து டீ ஊற்றினான். ஸ்லைடரை நான் கட்டினேன். பின்பக்கம் டிரைபாடில், முன்பக்கம் விளிம்புக் கல்லில். கொஞ்சம் வெளிப்பக்கம் சரிவாக. கேமரா தன் எடையிலேயே நகர வேண்டும் என்று சொன்னேன். தடுப்பின் திருகாணியில் சாவியைப் போட்டேன். இறுக்கவில்லை, அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

அவன் டீக் கிண்ணத்தோடு திரும்பிக் கேட்டான்.

"முனையில பூட்டிட்டீங்களா அண்ணே?"

"பூட்டிட்டேன்."

அவன் மறுபடி பார்க்கவில்லை. என்னை மறுபடி பார்த்துச் சரி செய்வது அவனுக்குப் பழக்கமானதுதான், ஆனால் எனக்குத் தெரியாமல்தான் அதைச் செய்வான். அன்று நான் கண்ணெடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவனால் செய்ய முடியவில்லை.

குதிரைகள் வந்தன. கேமரா நகர்ந்தது. தடுப்பு கழன்றது. அவன் பாய்ந்தான்.

கீழே நின்றவர்கள் குதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை உங்கள் கோப்பிலும் ஏறத்தாழ இருக்கிறது. திருகாணி குளிரில் தளர்ந்தது, பாதுகாப்பில்லாத இடம், தொழிலில் நேர்ந்த விபத்து. நீங்கள் என் தோளில் தட்டி, வீட்டுக்குப் போங்கள் அண்ணே என்றீர்கள்.

துக்க வீட்டில் அவன் முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். வழக்கப்படி என் இடுப்பில் துணியைக் கட்டிவிட்டு, கூடப்பிறந்தவர்கள் நிற்கும் வரிசையில் என்னை முதலில் நிறுத்தினார்கள். அவனுக்கு அண்ணன் கிடையாது. வருகிறவர்கள் தூரத்திலிருந்தே கதறிக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நானும் கதறினேன். அதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். கூடாரத்துக்குள் பெகிமாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அதில் என் பெயரும் வந்தது. உனக்குக் கண் கொடுத்த அண்ணன் வாசலில் நிற்கிறானே, எழுந்து அவனுக்கு வழி சொல்லாமல் படுத்திருக்கிறாயே என்று பாடினாள்.

வீட்டில் அவன் கிண்ணத்தை சாய்ரா இன்னும் எடுத்து வைக்கவில்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு எனக்கு எதிரே உட்காராமல் அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

நாற்பதாம் நாள் முடிந்த பிறகு பெகிமாய் ஸ்டூடியோவுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. அவன் வேலை செய்யும் மேசையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா. நேரமே இல்ல. ஒரு நொடியில போயிட்டான்."

"அப்ப கஷ்டப்படல."

"இல்ல."

அவள் தலையாட்டினாள். நிம்மதியாகிவிட்டாள் என்று நினைத்தேன். கதவுவரை போய்த் திரும்பி, "அவரு சும்மா போகமாட்டாரே அண்ணே. தூக்கத்துல கூடப் பேசிட்டே இருப்பாரே" என்றாள். குற்றம் சாட்டவில்லை. புரியாமல் கேட்டாள், குழந்தை கேட்பதுபோல. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே இங்கே வந்திருக்கிறேன்.

அவனைக் கொல்ல நினைத்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குப் பதிலை நான் பல நாட்களாகத் தயாரித்து வைத்திருக்கிறேன். இல்லை. கேமரா விழ வேண்டும் என்றுதான் நினைத்தேன். ரௌஷான் கீழேயிருந்து பார்க்க வேண்டும், இவனும் தவறவிடுவான் என்று தெரிய வேண்டும், அல்மாத்திப் பேச்சு நின்றுபோக வேண்டும், நாங்கள் பழையபடி கல்யாணங்களுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். இதை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். உங்கள் படிகளில் ஏறும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

ஆனால் நான் கேமராவைக் கயிற்றால் கட்டியிருந்தேன்.

மெல்லிய கறுப்புக் கயிறு. மலையேறுகிறவர்கள் வைத்திருப்பது. கேமராவின் அடியிலிருந்து டிரைபாடுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் வளர்ந்திருந்த மரவேரில் கட்டி, மேலே என் கோட்டைப் போட்டு மூடியிருந்தேன். நீங்கள் மேலே வருவதற்கு முன் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவருடைய கேமரா என்பதால் கட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமான காரணம்தான். ஆனால் விழ வேண்டும் என்று நினைக்கிற பொருளை யாரும் கட்டி வைப்பதில்லை. அன்று அந்தப் பாறையில் கட்டாமல் இருந்தது அவன் ஒருவன்தான்.

அவன் ஒரு நொடியில் போகவில்லை. கழன்று ஓடிய கேமராவை இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். நெஞ்சுவரை விளிம்புக்கு வெளியே, வயிறு கல்லில், கால்கள் உறைபனியில் வழுக்கிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தான்.

"புடிச்சிட்டேன் அண்ணே."

நான் பக்கத்தில் மண்டியிட்டேன். அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவுவது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. கயிறு இருப்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. கேமராவை விட்டுவிட்டுப் பாறையைப் பிடித்திருந்தால் இருந்திருப்பான். கட்டியிருக்கு, விட்டுடு என்று நான் சொன்னால் போதும். சொல்ல நேரம் இருந்தது ஐயா. நிறையவே இருந்தது.

அவன் முழங்கைகளைக் கல்லில் ஊன்றி, கேமராவை என் பக்கமாகத் திருப்பி நீட்டினான்.

"இதை வாங்கிக்கங்க அண்ணே. அப்புறம் என்னைப் புடிங்க."

பெகிமாய் கேட்டதற்குப் பதில் இதுதான். அவளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

நான் வாங்கிக்கொண்டேன். அவன் மணிக்கட்டைத் தாண்டிக் கையை நீட்டி, கேமராவைத்தான் வாங்கிக்கொண்டேன். லென்ஸில் ஒட்டியிருந்த மண்ணை ஊதினேன். மூடியைப் போட்டேன். பின்னால் எட்டிச் சமமான இடமாகப் பார்த்து, கோட்டின்மேல் வைத்தேன். உருண்டுவிடாமல் ஒரு கல்லை அண்டக் கொடுத்தேன்.

பிறகுதான் அவன் பக்கம் திரும்பினேன்.